இரண்டு பெயரும் இருக்கட்டும்: மியூனிக்கில் குடியேறும் நெல்லைத் தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லைச் சீமையில் வெளிநாட்டுப் பயணம் என்றதும் வளைகுடாவில் இருக்கும் சித்தப்பாவிடமோ சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனரிடமோ யோசனை கேட்பது வழக்கம். அவர்கள் அக்கறையோடுதான் சொல்வார்கள். ஆனால் ஜெர்மனியில் வீட்டு முகவரியைப் பதிவு செய்த பிறகே பெரும்பாலான காரியங்கள் நகரும் என்பதால், அந்த யோசனைகளில் பாதி அங்கே செல்லாது. கணவர் முதலில் போய்ச் சேர்ந்து, வீடு பார்த்து, சில மாதங்கள் கழித்து மனைவியை அழைத்துக்கொள்ளும் நம் வழக்கத்தில், எல்லாமே கணவர் பெயரில் மட்டும் அமைந்துவிடுவதுதான் பின்னால் வரும் தொல்லைகளில் பலவற்றுக்குக் காரணம்.

தபால் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் வீட்டுக்குத் தனிக் கதவிலக்கம் கிடையாது. பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்தே தபால்காரர் கடிதத்தைப் போடுகிறார். நம்மிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால், பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் கணவருக்கு அவர் தந்தையின் பெயரும் மனைவிக்கு அவர் தந்தையின் பெயரும் நிற்கும். பெட்டியில் கணவர் பெயர் மட்டும் இருந்தால், வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை, வரி அடையாள எண் என மனைவிக்குத் தபாலில் வரும் அத்தனையும் அனுப்பிய இடத்துக்கே திரும்பிப் போகலாம். இதற்கு அஞ்சி, புறப்படும் அவசரத்தில் மனைவியின் பாஸ்போர்ட்டைக் கணவர் பெயருக்கு மாற்றுவோரும் உண்டு. பட்டச் சான்றிதழ்கள் பழைய பெயரில் இருக்க, பாஸ்போர்ட் மட்டும் புதிய பெயரில் இருந்தால், வேலை தேடும்போது ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். பெட்டியில் இரண்டு பெயரையும் ஒட்டிவிடுவது எவ்வளவோ எளிது.

ஊரிலேயே முடித்துவிட வேண்டிய காரியம் திருமணப் பதிவு. கோயில் ரசீதும் அழைப்பிதழும் போதும் என்று இருந்துவிட்டு, விசா விண்ணப்பத்தின்போது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடுவது இன்னும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழில் இருவர் பெயரும், இனிஷியல் உட்பட, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்பதை அலுவலகத்தை விட்டு வெளியேறும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. இங்குள்ள சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டுவிடாமல், வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவும் வேண்டும்.

வீடு கிடைப்பது கடினமான நகரம் மியூனிக்; அந்தப் பதற்றத்தில்தான் பணம் பறிபோகிறது. உரிமையாளர் வேறு நாட்டில் இருக்கிறார், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்று யாராவது சொன்னால், அது மோசடி என்றே கொள்ளலாம். வெப்பச் செலவும் பராமரிப்பும் சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாதத் தொகைக்கு மேல் முன்பணம் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. அதையும் மூன்று மாதத் தவணைகளாகச் செலுத்தலாம். குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், அதற்கு, நாம் அங்கே குடியேறியதாக வீட்டுக்காரர் தரும் உறுதிச்சீட்டு தேவை. அந்தச் சீட்டைத் தர மறுப்பவரின் வீடு வாடகை குறைவாக இருந்தாலும் வேண்டாம். பிறகு வந்து சேரும் மனைவிக்கும் இதே பதிவும் இதே காலக்கெடுவும் உண்டு.

கணவரின் அரசுசார் மருத்துவக் காப்பீட்டில், வருமானம் இல்லாத மனைவி கூடுதல் கட்டணமின்றிச் சேரலாம். ஆனால் விண்ணப்பிக்காமல் அது தானாக நடக்காது. மாதச் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்கப்படும் என்பதை முடிவு செய்யும் வரி வகுப்பையும் இருவரும் சேர்ந்து யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். குடும்ப இணைவு விசாவில் வந்தவர் வேலைக்குப் போகக் கூடாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அது தவறு. கணவருக்கு வேலை செய்யும் உரிமையுள்ள குடியிருப்பு அனுமதி இருந்தால் மனைவிக்கும் அந்த உரிமை உண்டு.

வீட்டுக்குள் நாம் செய்யும் தவறுகள் வேறு வகை. வெயிலில் வளர்ந்த நமக்குச் சுவரில் பூஞ்சை படரும் என்பது தோன்றாது. குளிர்காலத்தில் சன்னலை அடைத்துவிட்டு இட்லி அவித்து, துணியையும் அறைக்குள் காயப்போட்டால், ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சையாகும். அதைச் சரிசெய்யும் செலவு முன்பணத்தில் கழிந்தாலும் கழியும். நாளுக்கு இரண்டு மூன்று முறை சன்னல்களை அகலத் திறந்து, சில நிமிடங்களில் மூடிவிட வேண்டும். கருவாடு வறுத்த வாடை போகட்டும் என்று வாசல் கதவைத் திறந்து வைத்தால், அது மாடிப்படி முழுவதும் பரவி முதல் மனத்தாங்கலைக் கொண்டுவரும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அமைதி நாள் என்பதால், வாரத்துக்கான மாவைச் சனிக்கிழமையே ஆட்டிவிடுவது நல்லது. இரவு பத்து மணிக்கு மேல் மிக்சியும் கூடாது.

பல வீடுகளில் சமையலறை என்றால் வெறும் சுவரும் குழாய் இணைப்பும்தான் இருக்கும், அடுப்பும் அலமாரியும் நாமே வாங்க வேண்டும். இண்டக்ஷன் அடுப்பு என்றால் இரும்புத் தோசைக்கல் சூடாகும், அலுமினிய இட்லிச் சட்டி சூடாகாது. நம் மிக்சிக்கு அங்குள்ள மின்சாரம் ஒத்துவரும், பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும். பயணப் பெட்டியில் நெய்யும் உப்புக்கண்டமும் கொண்டுபோகக் கூடாது, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்று வேண்டும். கருவாட்டுக்கு மட்டும் 20 கிலோ வரை அனுமதி உண்டு என்பது தூத்துக்குடிப் பக்கத்தாருக்கு ஆறுதல்.

வாடகை ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்டால், வாடகைக்கு இருவருமே பொறுப்பு. வீட்டைக் காலி செய்வதாக இருந்தால், பொதுவாக மூன்று மாதம் முன்னதாக, இருவர் கையெழுத்தோடும் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்; மின்னஞ்சல் செல்லாது.