பவர் கைட் லைனில் சிக்கா? கத்தரிக்கோலைத் தேடாதீர்கள்

சின்ன வயதில் பட்டம் விட்டவர்களுக்கு ஒரு பழக்கம் கையோடு வந்திருக்கும். நூல் சிக்கிக்கொண்டால் இரண்டு நிமிடம் பார்ப்போம். பிரியவில்லையா, பல்லால் கடித்துத் துண்டித்து, நல்ல நுனி இரண்டையும் முடிந்து மறுபடி ஏற்றிவிடுவோம். பருத்தி நூலுக்கு அது சரி. ஆளையே இழுக்கும் பெரிய துணிப் பட்டமான பவர் கைட்டுக்கும் அதே புத்தியோடு போனால்தான் வம்பு.

நான்கு லைன் கைட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு தடித்த லைன்கள் இழுவையைத் தாங்கும், மெல்லிய இரண்டும் பிரேக். ஒவ்வொன்றும் 20 அல்லது 25 மீட்டர். பெரும்பாலும் டைனீமா என்ற மிக வலுவான செயற்கை இழையில் பின்னியிருப்பார்கள். பார்க்க ஒரு மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும், ஆனால் 100 கிலோவுக்கு மேல் தாங்கும். அவ்வளவு பலசாலிக்கு முடிச்சுதான் எமன். நடுவில் ஒரு முடிச்சு விழுந்தால் தாங்கும் பலத்தில் ஏறக்குறையப் பாதி போய்விடும். லைனின் நுனிகளுக்கு மட்டும் உறை போட்டு முடிந்திருப்பது இதனால்தான். கடித்து முடிந்தீர்கள் என்றால், ஒன்று பலத்த காற்றில் அந்த இடத்திலேயே அறும். இல்லையென்றால் அந்த லைன் மட்டும் சில சென்டிமீட்டர் குட்டையாகி, கைட் எப்போதும் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும்.

ராமேஸ்வரம் பக்கம், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் முதல் தடவை நான் கைட் ஏற்றப் போனபோது, பறக்கவிட்டதை விடச் சிக்கெடுத்த நேரம்தான் அதிகம். பிரியும் பிரியும் என்று இழுத்தேன். இழுக்க இழுக்கத் தேங்காய் அளவுக்கு இருந்த சிக்கு எலுமிச்சை அளவுக்கு இறுகியது. கொஞ்சம் தள்ளி வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இழுக்காதீங்க. அதைப் பெருசாக்குங்க, சின்னதாக்காதீங்க."

அந்த ஒரு வார்த்தையில் முக்கால்வாசி விஷயம் அடங்கிவிட்டது. சிக்கை இரண்டு கைகளிலும் தளர்வாகப் பிடித்து, வெளியே தெரிகிற வளையங்களை ஒவ்வொன்றாக இழுத்து விரித்துக்கொண்டே போக வேண்டும். டைனீமா வழுக்கும் இழை. இடம் கொடுத்தால் தானாகவே நழுவி வரும். ஒரு கூடை அளவுக்குப் பரவிய பிறகு, கால்வாசி வளையங்கள் உதறினாலே விழுந்துவிடும். நடுவில் குச்சியோ, ராவணன் மீசைப் புல்லின் முள்ளோ மாட்டியிருந்தால் முதலில் அதை எடுங்கள். பல சமயம் சிக்கைப் பிடித்துவைத்திருப்பதே அதுதான்.

அடுத்த தவறு, பதற்றத்தில் நான்கு லைன்களையும் கைட்டிலிருந்து கழற்றிவிடுவது. நானும் செய்திருக்கிறேன். இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு லைனின் இரண்டு முனைகளும், ஒன்று கைட்டிலும் மற்றது கைப்பிடியிலுமாக, மாட்டியபடியே இருந்தால் அதில் உண்மையான முடிச்சு விழவே வழியில்லை. வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து முடிச்சு மாதிரி தெரியும், அவ்வளவுதான். விதிவிலக்கு ஒன்று உண்டு: கைப்பிடியோ கைட்டோ முழுசாக ஒரு வளையத்துக்குள் புகுந்து வெளியே வந்திருக்கலாம். அப்படியானால் போன வழியிலேயே கைப்பிடியைத் திருப்பி நுழைத்து எடுத்தால் போதும். கழற்றிவிட்டாலோ எட்டு முனைகளில் நான்கு காற்றில் ஆடும், எங்கே வேண்டுமானாலும் நுழையும். அப்புறம் விழுவதெல்லாம் நிஜ முடிச்சு. எதுவுமே பலிக்காத பட்சத்தில், மேலாகக் கிடக்கிற ஒரே ஒரு லைனை மட்டும் கைட் பக்கம் கழற்றி, அதை முழுக்க வெளியே எடுத்து நேராகக் கிடத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

நிஜ முடிச்சு விழுந்துவிட்டது, கடுகு அளவுக்கு இறுகியும் விட்டது என்றால்? பல்லை வைக்காதீர்கள். லைட்டரையும் நீட்டாதீர்கள், 150 டிகிரிக்கே இந்த இழை உருகிவிடும். முடிச்சைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். இரண்டு பக்க லைனையும் முடிச்சுக்குள் தள்ளுங்கள், வெளியே இழுக்க வேண்டாம். லேசாக இளகியதும் முனை மழுங்கிய ஊசியை மடிப்புகளுக்கு இடையே நுழைத்து நெம்புங்கள். ஊசி பின்னலையே குத்தினால் இழைகள் பிரிந்து லைன் வீணாகும். பிரிந்த பிறகு அந்த இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பஞ்சு மாதிரி இழை கிளம்பியிருந்தால் அந்த லைனை மாற்றிவிடுவதே நல்லது. பிறகு இழுவை லைன் இரண்டையும் ஒரு ஆணியில் மாட்டி இழுத்து நீளம் ஒப்பிடுங்கள், பிரேக் லைன்களையும் அதேபோல.

முறுக்கையும் சிக்கையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. கைட் வானில் ஒரு பக்கமாகவே வட்டமடித்தால் லைன்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். நாலைந்து சுற்று இருந்தாலும் இழை வழுக்குவதால் கைட் சொன்ன பேச்சைக் கேட்கும். எதிர்ப்பக்கமாக அத்தனை வட்டம் அடித்தால் பிரிந்துவிடும். இதற்காகக் கைட்டைக் கீழே இறக்கி உட்கார்ந்து சிக்கெடுப்பது வெட்டி வேலை.

இன்னொன்று ஆளை ஏமாற்றும். லைன்கள் நேராகத்தான் இருக்கும், கைட் மட்டும் ஏறாது. சூத்திரத்தைப் பாருங்கள், அதாவது கைட்டின் வயிற்றிலிருந்து கிளம்பி லைனில் வந்து சேரும் மெல்லிய கயிறுகளை. கைட்டின் ஒரு முனை அதற்குள் புகுந்து வந்திருக்கும். லைன் மாட்டும் இடத்தைப் பிடித்துத் தூக்கினால், தொங்காமல் முறுக்கிக்கொள்ளும் பக்கம்தான் குற்றவாளி.

இதையெல்லாம் கைட்டில் காற்று இருக்கும்போது செய்யவே கூடாது. முதலில் அதைச் சுருட்டிப் பைக்குள் பாதியாவது திணித்துவிடுங்கள். மணல் அள்ளிப் போட்டதை நம்ப வேண்டாம், ஒரு பலத்த காற்றுக்கு மணல் சரிந்து கைட் எழுந்துவிடும். விரலிலோ மணிக்கட்டிலோ லைனைச் சுற்றிப் பிடிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. இழுவை வந்தால் கத்தி மாதிரி அறுத்துவிடும்.

சரி, சிக்கு பிறக்கிற இடம் எது? பெரும்பாலும் முந்தின நாள் மாலை, அவசரமாகச் சுருட்டிய நேரம். கைப்பிடிகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து 8 வடிவில் சுற்றுங்கள். வெறும் வட்டமாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு சேரும். 8 வடிவத்தில் ஒரு பக்கம் ஏறிய முறுக்கு மறுபக்கம் கழிந்துவிடும். கைட்டைக் கழற்ற வேண்டாம். கடைசி ஒரு மீட்டரைச் சுற்றாமல் விட்டு, கைப்பிடிகள் பிரியாதபடி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் தலைமுடிக்குப் போடும் பேண்டுகள் இரண்டு காணாமல் போனது இதற்குத்தான். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.