பலகை வந்தது, காய்கள் நகரவில்லை

என் தளத்தில் சதுரங்க ஆட்டங்களைக் காட்ட ஒரு பிளகின் (தளத்தோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) போட்டேன். ஆட்டத்தின் நகர்வுகளை எழுத்தாகக் குறித்து வைக்கும் பிஜிஎன் (PGN) பதிவை, பிளகின் அடையாளம் காணும் சிறு குறியீடான ஷார்ட்கோடுக்குள் ஒட்டினால் பலகை வரும், நகர்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம். ஆனால் பலகை மட்டும்தான் வந்தது, காய்கள் அசையவே இல்லை. அதே பதிவு கணினியில் உள்ள சதுரங்க மென்பொருளில் ஒழுங்காகத் திறந்தது. ஆக, பதிவில் கோளாறு இல்லை.

பக்கத்தின் மூல நிரலைத் திறந்ததும் விஷயம் புரிந்தது. பிஜிஎன்னில் ஆட்டக்காரர் பெயர், தேதி எல்லாம் சதுர அடைப்புக்குள், நேரான இரட்டை மேற்கோள் குறியோடு இருக்க வேண்டும். தளத்தை இயக்கும் மென்பொருள் அழகுக்காக அதை வளைந்த குறியாக மாற்றியிருந்தது. கறுப்பின் நகர்வுக்கு முன் வரும் மூன்று புள்ளிகளும் ஒரே எழுத்தாகச் சுருங்கியிருந்தன. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பிளகினுக்கு அப்படி இல்லை.

அந்த ஷார்ட்கோடுக்குள் இருக்கும் குறிகளை மாற்றாதபடி சைல்ட் தீமில் (தளத்தின் தோற்ற வார்ப்புருவுக்கு நாம் செய்யும் மாற்றங்களைத் தனியாக வைக்கும் இடம்) ஒரு ஃபில்டர், அதாவது சில வரி நிரல், சேர்த்தேன். சரியாகிவிட்டது. நிரலில் கை வைக்கத் தயக்கம் என்றால், பதிவைத் தனிக் கோப்பாக ஏற்றி அதன் முகவரியை மட்டும் கொடுக்கலாம், பிளகின் அதை ஏற்குமானால். எனக்கு அந்த வழிதான் அதிகம் பிடிக்கிறது. வாசகர்கள் ஆட்டத்தை இறக்கிக்கொள்ளவும் முடியும்.

அப்புறம், கோட்டை கட்டும் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்தும்) இடத்தில் ஆட்டம் நின்றுவிட்டால் அங்கே பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். பிஜிஎன் விதிப்படி அது ஆங்கிலப் பெரிய எழுத்து ஓ (O).