வைல்ட் கார்டு யார் கையில் இருக்கிறது, அதை எப்படிக் கேட்பது?

வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் என்று நம் வட ஆர்க்காடு ஊர்களில் டென்னிஸ் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர், பிள்ளைக்கு 16, 17 வயது ஆகும்போது தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பன்னாட்டுத் தரவரிசையில் இடமில்லாதவர்களுக்கும் வைல்ட் கார்டு, அதாவது தரவரிசை போதாவிட்டாலும் போட்டியில் ஆட அனுமதிக்கும் சிறப்பு இடம், கொடுக்கிறார்களாமே, அதை யாரிடம் கேட்க வேண்டும் என்பதுதான் அது. காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு திசையில் சென்னை நுங்கம்பாக்கம் அரங்கம், மறு திசையில் பெங்களூரு கப்பன் பூங்கா அரங்கம். இரண்டிலும் தொழில்முறைப் போட்டிகள் நடக்கின்றன என்பதால் கேள்வி நியாயமானதே. ஆனால் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்துச் சான்றிதழ் வாங்குவதுபோல வைல்ட் கார்டை வாங்க முடியாது. அது போட்டியை நடத்துபவரின் விருப்புரிமை. யாருக்கும் அதில் உரிமைப் பங்கு கிடையாது. ஆகவே அந்த விருப்புரிமை யாரிடம் இருக்கிறது, அவர்கள் எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள், எந்த நாளில் முடிவெடுக்கிறார்கள் என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு கேட்பதுதான் சரியான வழி.

முதலில் இடக் கணக்கைப் பார்ப்போம். கிராண்ட் ஸ்லாம் போட்டியின் ஒற்றையர் முதன்மைச் சுற்றில் 128 இடங்கள் உண்டு. அவற்றில் 104 இடங்கள் தரவரிசைப்படி நேரடியாக நிரப்பப்படுகின்றன. 16 இடங்கள் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்களை வென்று வருபவர்களுக்கு. எஞ்சிய 8 இடங்கள்தான் வைல்ட் கார்டு. ஆடவர் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான ஏ.டி.பி.யின் 250 தரப் போட்டியில், 28 பேர் ஆடும்போது, அது 3 ஆகச் சுருங்குகிறது. நம் பிள்ளைகள் உண்மையில் எட்டிப் பிடிக்கக்கூடிய ஐ.டி.எஃப். (பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பு) எம்15, எம்25 என்னும் தொடக்கநிலை ஆடவர் தொழில்முறைப் போட்டிகளில், 32 பேர் கொண்ட முதன்மைச் சுற்றில் 4 இடங்கள் வைல்ட் கார்டுக்கு இருக்கின்றன. தகுதிச் சுற்றுக்கும் தனியாகச் சில வைல்ட் கார்டுகள் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல்முறை கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவது அதுதான்.

இதனோடு வேறு சில நுழைவுகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நெடுங்காலக் காயத்துக்குப் பின் பழைய தரவரிசையைக் காட்டி நுழைவது பாதுகாக்கப்பட்ட தரவரிசை. தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டத்தில் தோற்று, யாரோ விலகியதால் உள்ளே வருபவர் லக்கி லூசர். இவை இரண்டும் விதிப்படி வருபவை. யாரும் விரும்பி அளிப்பவை அல்ல.

இனி, யார் தருகிறார்கள் என்பது. விம்பிள்டனில் ஆல் இங்கிலாந்து கிளப்பின் குழு முடிவெடுக்கிறது. அமெரிக்க, பிரெஞ்சு, ஆஸ்திரேலியச் சங்கங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு சங்கமும் மற்ற இரு நாட்டினருக்கு ஆண்களில் ஒன்று, பெண்களில் ஒன்று என்று இடம் ஒதுக்குகிறது. இந்தியாவுக்கு அப்படிப்பட்ட ஒப்பந்தம் இல்லாததால், நம்மவர்களுக்கு ஆஸ்திரேலிய ஓப்பனின் ஆசிய பசிபிக் வைல்ட் கார்டு தேர்வுப் போட்டி முக்கியமான வாசலாக இருக்கிறது. அதில் வெல்பவர் நேரே முதன்மைச் சுற்றுக்குப் போகிறார். ஏ.டி.பி. போட்டிகளிலும், மகளிருக்கான டபிள்யூ.டி.ஏ. போட்டிகளிலும் போட்டி இயக்குநரின் சொல்லே முடிவு. இந்தியாவில் நடக்கும் ஐ.டி.எஃப். போட்டிகளில் பெரும்பாலும் அகில இந்திய டென்னிஸ் சங்கமும், நடத்துகிற மாநிலச் சங்கமும், இடம் தருகிற அமைப்பும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஆகவே வேலூரிலிருந்து கேட்பவர் தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்தின் வழியாகக் கேட்பதே முறை.

எதைப் பார்த்துத் தருகிறார்கள்? சொந்த நாட்டு இளம் ஆட்டக்காரர், நல்ல ஃபார்மில் இருந்தும் தரவரிசை இன்னும் ஏறாதவர், காயத்திலிருந்தோ மகப்பேற்றிலிருந்தோ திரும்பும் பழைய சாம்பியன், டிக்கெட் விற்கக்கூடிய பெரிய பெயர் ஆகிய நான்கு வகையினரே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். கோரான் இவானிசெவிச் 2001-இல் 125-ஆவது இடத்தில் இருந்தபோது விம்பிள்டன் அவருக்கு வைல்ட் கார்டு கொடுத்தது, அவர் முன்பே மூன்று முறை அங்கே இறுதியாட்டத்தில் தோற்றவர் என்பதால்தான். அந்த ஆண்டு அவர் பட்டத்தையே வென்றார். கிம் கிளைஸ்டர்ஸ் குழந்தை பெற்றுத் திரும்பி, தரவரிசையே இல்லாத நிலையில், 2009 அமெரிக்க ஓப்பனை வைல்ட் கார்டில் நுழைந்து வென்றார். 2025-இல் பிரெஞ்சு ஓப்பன், 361-ஆவது இடத்தில் இருந்த சொந்த நாட்டுப் பெண் லோயிஸ் புவாசோனுக்கு இடம் கொடுத்தது. அவர் அரையிறுதி வரை சென்றார். மறுக்கப்பட்டதற்கும் ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். 2017-இல் ஊக்கமருந்துத் தடை முடிந்து திரும்பிய மரியா ஷரபோவாவுக்கு ஸ்டுட்கார்ட், மாட்ரிட், ரோம் போட்டிகள் வைல்ட் கார்டு தந்தன. பிரெஞ்சு சங்கம் மட்டும், காயத்திலிருந்து திரும்புபவருக்குத் தரலாம், ஊக்கமருந்துத் தடையிலிருந்து திரும்புபவருக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டது. அவர் அங்கே இரண்டு முறை சாம்பியன் என்பதும் அந்த முடிவை மாற்றவில்லை. அந்த மறுப்பு சரியானது என்றே நான் கருதுகிறேன்.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு சென்னையிலேயே இருக்கிறது. 2009 சென்னை ஓப்பனில் வைல்ட் கார்டில் நுழைந்த சோம்தேவ் தேவ்வர்மன், கார்லோஸ் மோயாவையும் இவோ கார்லோவிச்சையும் வீழ்த்தி இறுதியாட்டம் வரை போய் மாரின் சிலிச்சிடம் தோற்றார். 2005 ஆஸ்திரேலிய ஓப்பனில் வைல்ட் கார்டு பெற்ற சானியா மிர்சா மூன்றாம் சுற்றில் செரினா வில்லியம்ஸைச் சந்திக்கும் வரை வந்தார். இருவரும் அந்த இடம் கிடைப்பதற்கு முன்பே வெற்றிகளைக் குவித்திருந்தார்கள். சோம்தேவ் அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் ஒற்றையர் சாம்பியன். சானியா 2003 விம்பிள்டனில் சிறுமியர் இரட்டையர் பட்டம் வென்றவர். கேட்கும் கடிதத்தில் எழுத ஏதாவது இருக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இப்போது நாள் கணக்கு. ஐ.டி.எஃப். ஆடவர் போட்டிக்கான பதிவு, போட்டி தொடங்கும் திங்கட்கிழமைக்கு 18 நாள் முன்னதாக வரும் வியாழக்கிழமை, நம் நேரம் இரவு 7.30 மணிக்கு மூடப்படுகிறது. விலகுவதற்கான கடைசி நேரம், 13 நாள் முன்னதாக வரும் செவ்வாய்க்கிழமை அதே மணி. பதிவு மூடியதும் ஒரு பட்டியல் வெளியாகும். அதன் மேற்பகுதியில் நேரடியாக நுழைந்தவர்களின் பெயர், நாடு, தரவரிசை ஆகியவை வரிசையாக இருக்கும். அந்த வரிசையில் கடைசியாக நிற்பவரின் எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது 900 என்றால், அன்று உள்ளே நுழையத் தேவைப்பட்ட தரம் என்ன என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தகுதிச் சுற்றுக்காரர்கள், அதற்கும் கீழே காத்திருப்போர். விலகல் நாள் முடியும்போது காத்திருப்போரில் சிலர் மேலே ஏறுவார்கள். நடத்துபவர்கள் கடைசி வரை வைல்ட் கார்டை அறிவிக்காமல் கையில் வைத்திருப்பது இதனால்தான். தானாகவே நுழையப் போகிறவருக்கு அதைக் கொடுத்தால் ஓர் இடம் வீணாகும். ஆனாலும் டிரா, அதாவது யார் யாரோடு ஆடுவது என்ற குலுக்கல், போடுவதற்கு முன் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை, வைல்ட் கார்டு கேட்கப் போகிறோம் என்றாலும் முறைப்படி பதிவு செய்வது. அதற்கு ஐ.டி.எஃப். தரும் ஐபின் எண் வேண்டும். நேர்மைக்கான இணையப் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். 14 வயது நிறையாத பிள்ளைகள் தொழில்முறைப் போட்டியில் வைல்ட் கார்டிலும் ஆட முடியாது; 14 நிறைந்த பிறகும் ஆண்டுக்கு இத்தனை போட்டிகள்தான் என்ற வரம்பு சில ஆண்டுகள் தொடர்கிறது. இவற்றில் ஒன்று குறைந்தாலும், நடத்துபவர் மனம் வைத்தாலும் பெயரைச் சேர்க்க முடியாது.

பட்டியல் வந்த அன்றே கடிதத்தை அனுப்பிவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பெயர், பிறந்த தேதி, ஐபின் எண், அகில இந்தியத் தரவரிசை, ஐ.டி.எஃப். ஜூனியர் தரவரிசை இருந்தால் அதுவும், கடந்த ஆறு மாதங்களில் வென்ற முக்கியமான ஆட்டங்கள், யாரை எந்த ஸ்கோரில் வென்றார் என்பது, பட்டியலில் இப்போது எந்த இடத்தில் இருக்கிறார் என்பது, பயிற்சியாளரின் தொலைபேசி எண் ஆகியவை போதும். முதன்மைச் சுற்றுக்கா, தகுதிச் சுற்றுக்கா, எதைக் கேட்கிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். இரண்டில் எது கிடைத்தாலும் ஆடுவார் என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள். தோற்ற ஆட்டங்களிலும் எழுதத் தக்கவை உண்டு. பன்னாட்டுத் தரவரிசை உள்ள ஒருவரிடம் மூன்றாவது செட் வரை போனது, தன்னைவிட எளிய எதிராளியை 6-0 என்று வென்றதைவிடப் படிப்பவர் கண்ணில் கூடுதலாகப் படும். குடும்பம் பட்ட கஷ்டத்தை எழுத வேண்டாம். அது உண்மையாகவே இருந்தாலும், டென்னிஸ் தெரிந்த ஒருவர் அந்தக் கடிதத்தில் தேடுவது ஆட்டத்தைத்தான்.

பணம் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வைல்ட் கார்டு வாங்கித் தருகிறேன், இவ்வளவு ஆகும் என்று யாராவது சொன்னால் அந்த உரையாடலை அங்கேயே நிறுத்துங்கள். வைல்ட் கார்டுக்காகப் பணம் கொடுப்பதும், கேட்பதும், வாங்குவதும் டென்னிஸ் ஊழல் தடுப்பு விதிகளின்படி குற்றம். அந்த விதிகளைச் செயல்படுத்தும் ஐ.டி.ஐ.ஏ. என்னும் பன்னாட்டு அமைப்பு ஆட்டக்காரரையே தடை செய்ய முடியும். பணத்தைக் கொடுத்தது தந்தை, பிள்ளைக்குத் தெரியாது என்ற வாதத்தை நம்பிப் பிள்ளையின் எதிர்காலத்தைப் பணயம் வைக்கக் கூடாது. இப்படி யாராவது அணுகினால் அதை அந்த அமைப்புக்குத் தெரிவிப்பதும் ஆட்டக்காரரின் கடமை.

கிடைத்தால் ஏற்க வேண்டுமா என்பதும் யோசிக்க வேண்டியதே. எம்15 போட்டியில் ஏ.டி.பி. தரவரிசையின் முதல் புள்ளி, முதன்மைச் சுற்றில் ஓர் ஆட்டம் வென்றால்தான் வரும். பட்டியலின் கடைசி எண்ணில் இருப்பவரோடு ஆடி இரண்டு செட்டிலும் நான்கு கேம் எடுக்க முடியாத பிள்ளைக்கு, முதன்மைச் சுற்றைவிடத் தகுதிச் சுற்று வைல்ட் கார்டுதான் பயன் தரும் என்பது என் கருத்து. அங்கே வென்றால் இன்னோர் ஆட்டம் கிடைக்கும், அந்த ஆட்டங்கள்தான் அடுத்த கடிதத்தில் எழுத உதவும். சுமித் நாகல் 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் வைல்ட் கார்டு இல்லாமல் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்களை வென்று நுழைந்து, அந்தப் போட்டியின் தரநிலையில் (சீடிங்) 31-ஆவதாக இருந்த அலெக்சாண்டர் புப்லிக்கை முதல் சுற்றில் வீழ்த்தினார். அடுத்த மாதமே சென்னை சேலஞ்சரை வென்று முதல் 100 பேருக்குள் வந்தார்.

பெயர் அறிவிக்கப்பட்டுவிட்டால் தகுதிச் சுற்றுக்கு முந்தைய நாள் மாலைக்குள் அரங்கத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திடும் நேரம் அன்றே முடிந்துவிடும், நடுவர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். காலை ரயிலில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று காட்பாடியிலேயே தங்கிவிடாதீர்கள். காய்ச்சலோ காயமோ வந்து ஆட முடியாமல் போனால், டிரா போடுவதற்கு முன்பே நடுவருக்கும் நடத்துபவருக்கும் தெரிவியுங்கள். அப்போது சொன்னால் அந்த வைல்ட் கார்டை அவர்கள் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்க முடியும். டிராவுக்குப் பின் சொன்னால் முடியாது.