ஏ.டி.எச்.டி. பேட்ச் ஒட்டிய இடம் சிவந்து அரித்தால்

அமெரிக்காவில் இருக்கிறோம். மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனச்சிதறல், அதீதத் துறுதுறுப்பு). மாத்திரை விழுங்க வராததால் டாக்டர் அதற்கான மெத்தில்ஃபெனிடேட் மருந்தைத் தோலில் ஒட்டும் பேட்ச்சாக எழுதிக் கொடுத்தார். மருந்து நன்றாகவே வேலை செய்தது, அரிப்புதான் படுத்தியது. இப்போது அடங்கிவிட்டது. நாங்கள் செய்வது இதுதான்.

1. ஒட்டுவது: இடுப்பின் பக்கவாட்டில், பேண்ட் பட்டி உரசாத இடத்தில். இன்று வலப்பக்கம், நாளை இடப்பக்கம். தோலில் லோஷன், பவுடர் எதுவும் இருக்கக்கூடாது. உள்ளங்கையால் 30 விநாடி அழுத்துங்கள். மேலே ஹீட்டிங் பேட் வைக்காதீர்கள், சூட்டில் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும்.

2. எடுப்பது: 9 மணி நேரத்துக்குள், மெதுவாக. வெடுக்கென்று இழுத்தால் தோலும் சேர்ந்து உரியும். ஓரத்தில் ஆலிவ் எண்ணெயோ வாசலினோ தடவி, அது அடியில் ஊறும்வரை பொறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக உரியுங்கள். இதற்கென்று விற்கும் ரிமூவர்களைவிட எனக்குச் சமையலறை ஆலிவ் எண்ணெய்தான் பிடிக்கும். பசை மிச்சமிருந்தால் சுரண்டாமல் மறுபடி எண்ணெய். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

3. பார்ப்பது: பலர் தடுமாறும் இடம் இது. பேட்ச் இருந்த சதுரத்துக்குள் லேசான சிவப்பு வருவது சாதாரணம், தானே மறையும். ஆனால் நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. அதனால் நான் கண்ணை நம்புவதில்லை, விரலால் தடவிப் பார்க்கிறேன். தடிப்பு, சூடு, சிறுசிறு கொப்புளம் இருக்கிறதா? எடுத்தவுடன் சதுரத்தைச் சுற்றிப் பேனாவால் மெல்லிய கோடு போட்டு ஒரு போட்டோ எடுத்துவிடுவேன். கோட்டைத் தாண்டிப் பரவினாலோ, வீக்கமும் கொப்புளமும் 48 மணி நேரத்தில் வடியாவிட்டாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம். புது பேட்ச் ஒட்டாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். "சரி, மாத்திரைக்கு மாறிவிடலாம்" என்று நீங்களாக முடிவு செய்யவும் வேண்டாம். ஒவ்வாமை வந்துவிட்டால், அதே மருந்தை வாய்வழி கொடுக்கும்போது சிலருக்கு உடல் முழுக்க எதிர்வினை வரலாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒரு அம்மா, அரிப்பே இல்லாமல் தோல் வெளுக்கிறதே என்று கேட்டிருந்தார். இந்த பேட்ச் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015-இல் எச்சரித்தது இதைத்தான். வெண்புள்ளி போலத் தெரியும் இந்த நிறமிழப்பு நிரந்தரமாகலாம், பேட்ச் படாத இடத்திலும் வரலாம். எண்ணெய், க்ரீம் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். எடுத்த போட்டோக்களையும் கொண்டுபோங்கள்.