பழைய சொகுசு எஸ்யூவி: வாங்கியதும் முதல் 3 மாதத்தில் செய்ய வேண்டிய வேலைகள்

ஷோரூம் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சொகுசு எஸ்யூவி கிடைத்துவிடுகிறது. உதிரி பாகங்கள் அந்த விகிதத்தில் இறங்கி வருவதில்லை. பத்து வருட வண்டிக்கும், ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகளால் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனின் கம்ப்ரஸர் கிட்டத்தட்ட புது வண்டிக்கான விலைதான். அதனால் வாங்கிய விலையில் 10 முதல் 15 சதவீதத்தை முதல் வருடச் செலவுக்கென்று தனியாக எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பில் இல்லாத வேலையை நடக்காத வேலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். "எல்லாம் போன வருஷமே மாத்தியாச்சு" என்று விற்றவர் வாயால் சொன்னது கணக்கில் வராது. சர்வீஸ் புக்கில் முத்திரை இருந்தாலும், எந்த ஆயில் ஊற்றினார்கள், எந்த ஃபில்டர் போட்டார்கள் என்ற விவரம் இல்லையென்றால் அது பாதிச் சான்றுதான். சேஸி எண்ணைக் கொடுத்து, செய்யாமல் விட்ட ரீகால் வேலை (தயாரிப்புக் குறைக்காக நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) ஏதாவது உண்டா என்று பார்த்துவிடுங்கள். வீல் லாக் போல்ட்டைக் கழற்றும் சாவி டிக்கியில் இருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பாருங்கள். பழைய வண்டிகளில் அடிக்கடி காணாமல் போகும் சாமான் இது. நடு ரோட்டில் பஞ்சர் ஆகும்போதுதான் நினைவுக்கு வரும்.

முதலில் பேட்டரி, பிறகு ஸ்கேன்

இந்த வண்டிகளில் எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், கதவு, சீட்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனி கன்ட்ரோல் யூனிட் இருக்கும். பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் இவை ஒன்றோடொன்று பேச முடியாமல், சம்பந்தமில்லாத பிழைக் குறியீடுகளைப் பதிந்து வைக்கும். அதனால் பேட்டரியைப் பார்க்காமல் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்து எந்தப் பாகமும் வாங்கக் கூடாது.

வண்டியை ஓர் இரவு நிறுத்திவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் அளவெடுங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. பேட்டரி எங்கே என்று பானட்டுக்குள் தேட வேண்டாம். பிஎம்டபிள்யூ எக்ஸ்5-இல் டிக்கி தரைக்கு அடியில் இருக்கும், முதல் தலைமுறை ஆடி க்யூ7-இலும் போர்ஷே கயெனிலும் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். மாற்றினால் ஏஜிஎம் வகையை (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் பிடித்து வைத்திருக்கும் பேட்டரி) ஏஜிஎம் வகையாலேயே, அதே ஆம்பியர்-அவர் அளவில் மாற்றுங்கள். பிஎம்டபிள்யூ, ஆடி வண்டிகளில் புது பேட்டரியை ஸ்கேன் கருவி வழியாக வண்டிக்குப் பதிவு செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் வண்டி பழைய பேட்டரி இருப்பதாகவே நினைத்து சார்ஜ் ஏற்றும், புதியதன் ஆயுள் குறையும்.

பேட்டரி அடிக்கடி இறங்கினால் கரண்ட் கசிவைப் பாருங்கள். பூட்டிய வண்டி தூங்கிப் போக 20 முதல் 40 நிமிடம் ஆகும். அதன் பிறகு 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருக்க வேண்டும். அவசரப்பட்டு 5 நிமிடத்தில் அளந்துவிட்டு, "எங்கேயோ ஷார்ட்" என்று ஒயரைப் பிரிப்பவர்கள் நிறைய.

மலிவான கருவி எஞ்சின் பிழைகளை மட்டும் காட்டும். அந்த பிராண்டின் எல்லா யூனிட்களையும் படிக்கிற கருவி உள்ள இடத்தில் முழு ஸ்கேன் எடுத்து, பிழைகளை அழிக்கும் முன் சேமித்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டு 200, 300 கிலோமீட்டர் ஓட்டி மறுபடி எடுத்தால், திரும்பி வருவது எதுவோ அதுதான் உண்மையான வேலை.

எஞ்சின் ஆயில்

கேனில் 5டபிள்யூ-30 என்று இருப்பது மட்டும் போதாது. தயாரிப்பாளரின் ஒப்புதல் எண்ணைப் பாருங்கள்: மெர்சிடிஸ் என்றால் எம்பி 229.5 அல்லது 229.51 போல, பிஎம்டபிள்யூ என்றால் எல்எல்-01 அல்லது எல்எல்-04 போல, ஆடி என்றால் 504 00 / 507 00. டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடித்துச் சூட்டில் எரிக்கும் வடிகட்டி) உள்ள டீசல் எஞ்சினுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கட்டாயம். தவறான ஆயிலின் சாம்பல் டிபிஎஃப்பில் படிந்தால் எவ்வளவு சூடேற்றினாலும் எரிந்து போகாது. வி8 எஞ்சினுக்கு 8, 9 லிட்டர் பிடிக்கும், எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். காகித மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத செம்பு நிறத் துகள்கள் மினுங்கினால் பேரிங் தேய்கிறது. கறுப்பு பிளாஸ்டிக் சில்லுகள் இருந்தால் டைமிங் செயின் கைடு உடைகிறது. வரலாறு தெரியாத வண்டிக்கு முதல் ஆயிலை 3,000 முதல் 5,000 கிலோமீட்டரில் மறுபடி மாற்றிவிட்டு, அப்புறம் 8,000 – 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டு 25,000 என்று காட்டினாலும் அதைக் கேட்க வேண்டாம். அந்தக் கணக்கு புது எஞ்சினுக்கானது.

கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், டயர்

"கியர்பாக்ஸ் ஆயில் வாழ்நாள் முழுக்கப் போதும்" என்று வண்டி நிறுவனம் எழுதியிருக்கலாம். பல எஸ்யூவிகளில் உள்ள 8எச்பி கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமோ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டர் அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைக் கேட்பதே சரி. இதில் ஃபில்டரும் ஆயில் பானும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும்.

ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைத் தொடும் முன், ஊற்றும் போல்ட் திறக்கிறதா என்று பாருங்கள். அது இறுகிக் கிடந்து, ஆயிலை மட்டும் வடித்துவிட்டால் வண்டி நகராது. மொத்தம் உள்ள சுமார் 9 லிட்டரில் 5, 6 லிட்டர்தான் வெளியே வரும். மீதி டார்க் கன்வெர்டரில் நிற்கும், அது பரவாயில்லை. புது ஆயிலை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு கியரிலும் சில விநாடி வைத்து, ஆயில் சூடு 30-க்கும் 50 டிகிரிக்கும் நடுவே இருக்கும்போது ஊற்றும் துளையிலிருந்து மெல்லிய இழையாக வழிந்தால் அளவு சரி. வண்டி சமதளத்தில் இருக்க வேண்டும், சூட்டை ஸ்கேன் கருவியில் பார்க்க வேண்டும். சூட்டை அளக்காமல் "வழிஞ்சிடுச்சு, மூடு" என்று முடிக்கும் இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கியர் வழுக்கும் வண்டியில் ஆயில் மாற்றினால் குணமாகும் என்று நம்புவதும் வீண்.

எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் பெரும்பாலும் 1 லிட்டருக்கும் குறைவான ஆயில்தான் இருக்கும். அது கெட்டால், மெதுவாகத் திரும்பும்போது வண்டி உதறும். அதே உதறல் டயராலும் வரும். நான்கு சக்கர இயக்கத்தில் முன், பின் டயர்களின் சுற்றளவு மாறினால் உள்ளே இருக்கும் கிளட்ச் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். டயர் பட்டனின் (தரையைத் தொடும் வெட்டுகளின்) ஆழம் முன்னும் பின்னும் 2 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடக் கூடாது. ஒரு டயர் வெடித்ததற்காக வேறு பிராண்டில் ஒன்று மட்டும் வாங்கிப் போட்ட வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் கடைசியில் பில் கட்டும்.

கூலண்ட்

ரேடியேட்டர் தொட்டி, 'T' வடிவ இணைப்பு, தெர்மோஸ்டாட் கூடு எல்லாம் பிளாஸ்டிக். சூட்டிலேயே கிடந்து எட்டு, பத்து வருடத்தில் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். இணைப்புகளைச் சுற்றி வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் பூத்திருந்தால் அங்கே கசிந்து காய்ந்திருக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகு பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் குறித்துள்ள அழுத்தத்துக்கு ஏற்றி 15 நிமிடம் விடுங்கள். முள் இறங்கக் கூடாது.

எந்த நிறக் கூலண்ட் என்று பார்த்து வாங்காதீர்கள், ஒப்புதல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். மின்சார வாட்டர் பம்ப் உள்ள பிஎம்டபிள்யூ 6 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்களில் காற்றை வெளியேற்றத் தனி முறை உண்டு: பேட்டரிக்கு சார்ஜர் மாட்டி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஹீட்டரை அதிகபட்சச் சூட்டிலும் காற்றைக் குறைந்த வேகத்திலும் வைத்து, ஆக்சிலரேட்டரை 10 விநாடி முழுதாக மிதித்துப் பிடியுங்கள். பம்ப் தானாகவே சுமார் 12 நிமிடம் ஓடி நிற்கும். பிறகு அளவைச் சரிபார்த்து ஊற்றுங்கள்.

ஏர் சஸ்பென்ஷன்

கம்ப்ரஸர் போவதற்குப் பெரும்பாலும் கம்ப்ரஸர் காரணமில்லை. மடிப்பில் விரிசல் விட்ட ஏர் பேக் (விபத்தில் விரியும் பை அல்ல, சஸ்பென்ஷனின் ரப்பர் காற்றுப் பை) மெதுவாகக் கசியும், அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் இடைவிடாமல் ஓடும், அதன் டிரையர் ஈரத்தால் நிறைந்துபோகும், ஈரம், காற்றை ஒவ்வொரு மூலைக்கும் பிரித்துவிடும் வால்வு பிளாக் வரை போகும். பேக்கை மாற்றாமல் கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

சோதனை எளிது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் நுழைந்துவிடும். மறுநாள் காலை கதவைத் திறக்கும் முன் மறுபடி அளங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்குவது குளிர்ந்த காற்றால். ஒரு மூலை 10, 15 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் கசிவு. நான்கும் ஒன்றுபோல இறங்கியிருந்தால் குழப்பம் வரும்: சில வண்டிகள் இரவில் விழித்து, கசிந்த மூலைக்குச் சமமாக மற்றவற்றையும் தானே இறக்கிவிடும். சஸ்பென்ஷன் ஃபியூஸை எடுத்துவிட்டு இன்னோர் இரவு விட்டால் குற்றவாளி மூலை தனியாகத் தெரியும். அங்கே பேக்கின் மடிப்பிலும் குழாய் சேரும் இடத்திலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை கொப்பளிக்கும்.

பேக்குகளை அச்சுக்கு இரண்டாக மாற்றுங்கள். கம்ப்ரஸரும் மாறினால் ரிலேயையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியே கருகும். ஜாக்கி போடும் முன் மெனுவில் ஜாக் மோடைப் (வண்டி தானாக உயரத்தை மாற்றுவதை நிறுத்துவது) போட மறக்காதீர்கள்.

சன்ரூஃப் தண்ணீர்

சன்ரூஃப் பள்ளத்தின் நான்கு மூலையிலும் வடிகால் ஓட்டை உண்டு. ஒவ்வொன்றிலும் கால் லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, வண்டிக்கு அடியில் எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். சொட்டாவிட்டால் தண்ணீர் தரை விரிப்புக்கு அடியிலோ டிக்கிப் பள்ளத்திலோ போகிறது. பல மாடல்களில் கன்ட்ரோல் யூனிட்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன. அடைப்பெடுக்க மெல்லிய நைலான் கம்பியை விடுங்கள். கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடித்தால் உள்ளே குழாய் இணைப்பு கழன்றுவிடும், அப்புறம் மேற்கூரை உறையையே இறக்க வேண்டியிருக்கும்.

பிரேக்கும் மற்றவையும்

பிரேக் ஆயில் 2 வருடத்துக்கு ஒரு முறை, கிலோமீட்டர் ஓடாவிட்டாலும். டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் நடுப்பகுதியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியில் சர்வீஸ் மோடு போடாமல் பின் கேலிப்பரை அழுத்தினால் மோட்டார் உடையும்.

டீசல் வண்டி குறுகிய தூரம் மட்டுமே ஓடினால் டிபிஎஃப் சுத்திகரிப்பு பாதியில் நின்று, டீசல் ஆயிலில் கலந்து அளவு உயரும். ஆயில் அளவு ஏறிக்கொண்டே போனால் உடனே மாற்றுங்கள். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் (டைரக்ட் இன்ஜெக்ஷன்) எஞ்சின்களில் இன்டேக் வால்வில் கரி படியும். குளிர்ந்த எஞ்சின் தடுமாறினால் காயில், பிளக்கோடு இதையும் சந்தேகப்படுங்கள்.

மாடலுக்கென்று சில இடங்கள் உண்டு. மெர்சிடிஸின் ஓஎம்642 வி6 டீசலில் எஞ்சினின் வி பள்ளத்துக்குள் இருக்கும் ஆயில் கூலர் சீல் கசியும். சீல் சின்னச் சாமான், ஆனால் மேலே உள்ள பாதி எஞ்சினைக் கழற்ற வேண்டும். முதல் தலைமுறை கயென் வி8-இல் இன்டேக்குக்கு அடியில் ஓடும் பிளாஸ்டிக் கூலண்ட் குழாய்களுக்குப் பதில் அலுமினியக் குழாய்கள் போட்டாயிற்றா என்று பாருங்கள். ரேஞ்ச் ரோவரின் 5.0 வி8 காலையில் ஸ்டார்ட் ஆகும்போது சில விநாடி செயின் கிலுகிலுத்தால், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனையையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டியதில்லை. வண்டியை நடுவழியில் நிறுத்தக்கூடிய கூலண்ட், பிரேக், டயர், பேட்டரி, எஞ்சின் ஆயில் முதல் இரண்டு வாரத்தில். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஏர் பேக் அடுத்த இரண்டு மாதத்தில். சீட்டு மசாஜ் வேலை செய்யவில்லை, கதவு தானாக இழுத்து மூடவில்லை என்பதெல்லாம் பணம் மிச்சமிருந்தால்.