சார்ஜ் நிற்கவில்லையா? முதலில் போர்ட்டைப் பாருங்கள்

"லேப்டாப்பில் சார்ஜ் நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது "அதில் என்னென்ன சொருகி வைத்திருக்கிறீர்கள்?" என்றுதான். பெரும்பாலும் "ஒன்றுமில்லையே" என்ற பதில்தான் வரும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் மவுஸின் ரிசீவர், இன்னொரு பக்கம் ஒரு ஹப் (ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் கருவி), அந்த ஹப்பில் எப்போதோ சொருகிய பென்டிரைவ், கார்டு ஸ்லாட்டுக்குள் கேமராவின் மெமரி கார்டு. பழகிப் பழகி அவையெல்லாம் லேப்டாப்பின் உடம்போடு ஒட்டிப்போயிருக்கும்; யார் கண்ணிலும் படாது.

எனக்கும் இது பட்டுத் தெரிந்த விஷயம்தான். ஒரு நாள் கரண்ட் இல்லாத இடத்தில் உட்கார்ந்து வெறும் டைப்பிங் வேலைதான் செய்துகொண்டிருந்தேன். வீடியோ இல்லை, இணையம்கூட இல்லை. ஆனாலும் சதவீதம் கண்ணெதிரே இறங்கிக்கொண்டே போனது. மேசையில் கை ஊன்றியபோது ஏதோ மெல்ல அதிர்வது தெரிந்தது. பேக்கப் எடுக்கக் காலையில் சொருகிய ஹார்ட் டிஸ்க், லேப்டாப்புக்குப் பின்னால் சுழன்றுகொண்டே இருந்தது. தொட்டால் வெதுவெதுப்பு. பேக்கப் முடிந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. முறைப்படி எஜெக்ட் செய்து கழற்றினேன். கொஞ்ச நேரத்தில், மீதி நேரம் என்று திரையில் காட்டியது ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடிவிட்டது.

அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

லேப்டாப் பேட்டரியின் கொள்ளளவை வாட் ஹவரில் (ஒரு வாட் மட்டும் இழுத்தால் எத்தனை மணி நேரம் நிற்கும் என்ற அளவில்) சொல்வார்கள். பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும். உங்களுடையது 50 வாட் ஹவர் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சத்தைக் குறைத்து, எழுத்து வேலை மட்டும் செய்தால் நல்ல லேப்டாப் ஒன்று சுமார் 6 வாட்டில் ஓடிவிடும். ஐம்பதை ஆறால் வகுத்தால் 8 மணி 20 நிமிடம். இப்போது 2 வாட் இழுக்கும் ஒரு பொருளைச் சொருகுங்கள். ஐம்பதை எட்டால் வகுத்தால் 6 மணி 15 நிமிடம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது.

அதே 2 வாட் பொருளை, 30 வாட் இழுக்கும் வீடியோ எடிட்டிங் வேலையின்போது சொருகினால்? 1 மணி 40 நிமிடம் என்பது 1 மணி 34 நிமிடம் ஆகும். ஆறு நிமிடம்தான் வித்தியாசம். அதாவது, லேப்டாப் எவ்வளவு சும்மா இருக்கிறதோ, அந்த அளவுக்குச் சொருகியிருக்கும் பொருள் பேட்டரியைத் தின்பது பெரிதாகத் தெரியும். படிப்பது, எழுதுவது, குறிப்பெடுப்பது என்று நாள் முழுக்கச் சார்ஜை நம்பி இருப்பவர்களுக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம்.

சின்னப் பொருள்தானே என்று விடுவது

இந்த விஷயத்தில் மக்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். பொருளின் அளவையோ, அது இழுக்கும் கரண்டையோ மட்டும் பார்ப்பார்கள். லேப்டாப்பைத் தூங்கவிடுகிறதா என்று பார்க்க மாட்டார்கள்.

நீங்கள் ஒரு எழுத்தைத் தட்டி அடுத்த எழுத்தைத் தட்டுவதற்குள் இருக்கும் இடைவெளி நமக்குக் கண்சிமிட்டும் நேரம். பிராசஸருக்கு அது நீண்ட ஓய்வு. அந்த நேரத்தில் அது தன் பாகங்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும். எட்டு மணி நேரம் சார்ஜ் நிற்பதே இந்தக் குட்டிக் குட்டித் தூக்கங்களால்தான். யுஎஸ்பி போர்ட்டுக்கும் இதே மாதிரி ஒரு தூக்கம் உண்டு. சொருகிய பொருள் சும்மா இருந்தால் அதை சஸ்பெண்ட் நிலைக்கு அனுப்பிவிடும். அந்த நிலையில் ஒரு யுஎஸ்பி 2.0 பொருள் 2.5 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதி. விழித்திருக்கும்போது அதே பொருள் 500 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். இருநூறு மடங்கு வித்தியாசம்.

பிரச்சினை, சில பொருள்கள் தூங்குவதில்லை. தாங்கள் தூங்காதது மட்டுமில்லை, யுஎஸ்பி கன்ட்ரோலரையும் (போர்ட்டுகளை நிர்வகிக்கும் பாகம்) விழிக்க வைத்து, அதன் வழியாகப் பிராசஸரும் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவிடாமல் செய்துவிடும். கேமிங் மவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண மவுஸ் நொடிக்கு 125 முறை தன் நிலையைச் சொன்னால், கேமிங் மவுஸ் 1000 முறை சொல்லும். விளையாட்டில் அது தேவைதான். ஒரு கடிதம் எழுதும்போது மவுஸை நகர்த்தும் ஒவ்வொரு நொடியும் பிராசஸரை ஆயிரம் முறை தட்டி எழுப்ப வேண்டியதில்லை. மவுஸோடு வரும் மென்பொருளில் போலிங் ரேட் என்று இருக்கும். பேட்டரியில் ஓடும்போது 125க்கு இறக்கிவிடுங்கள். அப்படியே அதன் வண்ண விளக்குகளையும் அணைத்துவிடுங்கள்.

கார்டு ஸ்லாட்டில் மறந்துபோன மெமரி கார்டும் இந்த வகைதான். சில லேப்டாப்களில் கார்டு உள்ளே இருக்கும்வரை கார்டு ரீடர் தூங்காது. கார்டு இருப்பது வெளியே தெரியாததால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

இன்னொன்று. மவுஸ் விட்டு விட்டு வேலை செய்கிறது, ஹெட்செட் அடிக்கடி துண்டிக்கிறது என்று தேடினால், "யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்துவிடுங்கள்" என்று ஒரு யோசனை கண்டிப்பாகக் கண்ணில் படும். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் இருக்கும் அந்த அமைப்புதான் சும்மா இருக்கும் பொருள்களைத் தூங்க வைப்பது. ஒரு மவுஸுக்காக அதை அணைத்தால், சொருகும் எல்லாப் பொருள்களும் விழித்தே இருக்கும். எப்போதோ அணைத்திருந்தால், "ஆன் பேட்டரி" என்ற வரிசையிலாவது திரும்ப எனேபிள் செய்துவிடுங்கள். தொல்லை தரும் பொருளை வேறு போர்ட்டில் சொருகிப் பார்ப்பது, டிரைவரை (அந்தப் பொருளை இயக்கும் மென்பொருளை) புதுப்பிப்பது என்று வேறு வழி தேடலாம்.

லேப்டாப்பைப் பவர் பேங்க் ஆக்குவது

போனில் சார்ஜ் குறைந்ததும் கை தன்னால் லேப்டாப்பை நோக்கிப் போகிறது. 5000 மில்லி ஆம்பியர் ஹவர் பேட்டரி உள்ள போனில் அடங்குவது ஏறத்தாழ 19 வாட் ஹவர். மின்னழுத்தத்தை மாற்றுவதிலும் சூடாவதிலும் போகும் சேதாரத்தைச் சேர்த்தால், ஒரு போனை முழுதாக ஏற்ற லேப்டாப் தன் கையிலிருந்து 23, 24 வாட் ஹவர் கொடுக்க வேண்டிவரும். 50 வாட் ஹவர் பேட்டரியில் கிட்டத்தட்டப் பாதி! போனை அவசரத்துக்கு இருபது சதவீதம் ஏற்றிக்கொள்வது சரி. முழுதாக ஏற்றும் வரை மறந்துபோய் விட்டுவிடுவதுதான் தப்பு.

டைப்-சி போர்ட் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் 2.5 வாட்டும், யுஎஸ்பி 3.0 போர்ட் 4.5 வாட்டும் தரும். டைப்-சி போர்ட் 15 வாட் வரை தரக்கூடியது. போதாததற்கு, டைப்-சியில் கரண்ட் இரண்டு பக்கமும் ஓடும். லேப்டாப்புக்கு ஏற்றலாம் என்று ஒரு சின்னப் பவர் பேங்கைச் சொருகுவீர்கள். அதற்கு லேப்டாப்புக்குக் கொடுக்கும் அளவுக்குத் திறன் இருக்காது. சில சமயம் லேப்டாப்தான் அதற்கு ஏற்றிக்கொண்டிருக்கும். சொருகியதும் திரையில் சார்ஜிங் குறி வருகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஹப்பைத் தொங்கவிட்டே வைத்திருப்பது

போர்ட் குறைந்த மெல்லிய லேப்டாப்களோடு சேர்ந்து வந்தது டைப்-சி ஹப். அதற்குள் எச்டிஎம்ஐக்கு மாற்றும் சிப், நெட்வொர்க் கேபிளுக்கான சிப், கார்டு ரீடர் என்று தனித்தனியாக இருக்கும். எதையும் சொருகாமல் ஹப்பை மட்டும் விட்டுவைத்தாலும் இவற்றில் சில விழித்திருக்கும். அரை மணி நேரம் கழித்து ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், அந்தச் சூடு உங்கள் பேட்டரியிலிருந்து வந்தது. இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

ஹார்ட் டிஸ்க், வெப்கேம் போன்ற கனமான பொருள்களை எப்போதும் ஹப் வழியாகத்தான் போடுகிறீர்கள் என்றால், தனி அடாப்டரோடு வரும் ஹப்பாகப் பார்த்து எடுங்கள். அந்தப் பொருள்கள் இழுக்கும் கரண்டை அடாப்டர் கொடுத்துவிடும்.

ஹப் வழியாகச் சார்ஜ் போடுபவர்களும் ஒன்று கவனிக்க வேண்டும். 65 வாட் சார்ஜரை ஹப்பில் சொருகினால் 65 வாட்டும் லேப்டாப்புக்கு வராது. ஹப் தனக்கும், தன்னில் சொருகிய பொருள்களுக்கும் என்று ஒரு பங்கைப் பிடித்துவைக்கும். மீதியைவிட லேப்டாப் அதிகம் கேட்டால், சார்ஜர் போட்டிருக்கும்போதே சதவீதம் இறங்கும். சார்ஜர் பழுது என்று நினைத்துப் புதிது வாங்குவதற்கு முன், அதை நேராக லேப்டாப்பில் சொருகிப் பாருங்கள்.

மானிட்டருக்குத் தனிக் கரண்ட்தானே என்பது

மானிட்டரின் விளக்கு சுவரிலிருந்து எரிகிறது என்பது உண்மைதான். ஆனால் அதில் காட்டும் படத்தை உருவாக்குவது லேப்டாப். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள பல லேப்டாப்களில் எச்டிஎம்ஐ போர்ட் நேராக அந்தக் கார்டோடு இணைந்திருக்கும். கேபிளைச் சொருகியதும், அதுவரை முழுதாக அணைந்திருந்த கார்டு விழித்துக்கொள்ளும். விளையாட்டு எதுவும் வேண்டாம், சும்மா ஒரு பக்கத்தைக் காட்டினாலே போதும், பேட்டரி சரசரவென்று இறங்கும். மானிட்டரை அணைத்துவிட்டுக் கேபிளை அப்படியே விட்டாலும் சில சமயம் இதே கதைதான், கேபிளையே கழற்றுங்கள். டைப்-சி கேபிள் ஒன்றிலேயே ஓடும் கையடக்க மானிட்டர் என்றால் விளக்கு, படம் இரண்டுக்கும் லேப்டாப்தான் கொடுக்கிறது.

லேப்டாப்புக்குக் காற்று வீசும் கூலிங் பேடும் அதே லேப்டாப்பின் போர்ட்டிலிருந்துதான் ஓடுகிறது. சார்ஜர் போட்டிருக்கும்போது பயன்படுத்துங்கள், இல்லாதபோது கழற்றிவிடுங்கள்.

எல்லாவற்றோடும் மூடிப் பையில் வைப்பது

மூடிவிட்டோம், தூங்கிவிடும் என்று நம்புகிறோம். ரிசீவர் லேப்டாப்பிலேயே இருக்க, மவுஸ் ஆன் நிலையில் அதே பையில் உருண்டுகொண்டிருந்தால், சில லேப்டாப்களில் அந்த அசைவே எழுப்பிவிடப் போதும். காற்றோட்டம் இல்லாத பைக்குள் விழித்திருக்கும் லேப்டாப் கொதிக்கும். சார்ஜ் போவதை விடுங்கள், அந்தச் சூடு பேட்டரிக்கே கெடுதல். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மவுஸின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதி தரும் டிக்கை எடுத்துவிடலாம்.

இன்னொன்று, மூடியிருக்கும்போதும் கரண்ட் தரும் போர்ட் சில லேப்டாப்களில் உண்டு. போர்ட்டின் பக்கத்தில் மின்னல் குறியோ பேட்டரி படமோ இருந்தால் அதுவாக இருக்கலாம். தேவையில்லை என்றால் பயாஸில் (லேப்டாப்பை ஆன் செய்ததும், விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புப் பகுதியில்) அணைக்கலாம்.

புளூடூத்தை அணைத்துவிட்டு டாங்கிள் சொருகுவது

புளூடூத் சார்ஜைத் தின்றுவிடும் என்று அதை அணைத்துவிட்டு, டாங்கிள் எனப்படும் குட்டி யுஎஸ்பி ரிசீவரைச் சொருகுபவர்கள் உண்டு. பழைய பயம் இது. 2010இல் வந்த புளூடூத் 4.0 முதல், மவுஸ், கீபோர்டு போன்றவற்றுக்கு மிகக் குறைந்த சக்தியில் இயங்கும் வழி இருக்கிறது. லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் புளூடூத்தை விட்டுவிட்டு, அதே வேலைக்கு ஒரு யுஎஸ்பி ரிசீவரைச் சொருகுவதால் சார்ஜ் மிச்சமாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எதற்கு வம்பு, சார்ஜரிலேயே இருக்கட்டும் என்பது

இங்கே இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். ஒரு சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பது ஒன்று. பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கிறது என்பது இன்னொன்று. சொருகிய பொருள்கள் முதலாவதைக் குறைப்பது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவதையும் குறைக்கின்றன. பேட்டரியின் வயதை சைக்கிளில் எண்ணுவார்கள். மொத்தமாக நூறு சதவீதம் செலவழித்தால் ஒரு சைக்கிள். இப்போதைய மேக்புக்குகளுக்கு ஆப்பிள் சொல்லும் அளவு 1000 சைக்கிள். ஹப்பும் போனும் தினமும் கால் பங்கு எடுத்துக்கொண்டால், நான்கு நாளுக்கு ஒரு சைக்கிள் அவற்றுக்கே போகிறது.

அதற்காக நாள் முழுக்கச் சார்ஜரில் நூறு சதவீதத்திலேயே வைத்திருந்தாலும் லித்தியம் அயன் பேட்டரிக்கு நல்லதில்லை. நிறைந்த நிலையும் சூடும் சேர்ந்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும். மேசையில் நிரந்தரமாக ஹப், மானிட்டர் என்று வைத்து வேலை செய்பவர்கள், லேப்டாப் நிறுவனத்தின் செயலியிலோ பயாஸிலோ 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பார்த்து அதைப் போட்டுவைப்பது நல்லது.

அப்புறம், உங்கள் லேப்டாப்பில் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்கும் வழி. எல்லாவற்றையும் கழற்றுங்கள். திரை வெளிச்சத்தை ஓர் அளவில் நிறுத்தி, அரை மணி நேரம் ஒரே மாதிரி வேலை செய்து, எத்தனை சதவீதம் இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பொருளை மட்டும் சொருகி அதே அரை மணி நேரம். இப்படி ஒவ்வொன்றாக. போர்ட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே சொருகி அளக்கும் யுஎஸ்பி மீட்டர் கிடைக்கிறது; அது பொருள் இழுக்கும் கரண்டை மட்டும்தான் காட்டும். அந்தப் பொருளால் பிராசஸர் விழித்திருந்து செலவழிப்பது அதில் தெரியாது. ரிசீவர் போன்ற குட்டிப் பொருள்களை மீட்டரில் பார்த்து "இவ்வளவுதானா" என்று விட்டுவிடாமல், அரை மணி நேரச் சோதனையை அவற்றுக்கும் செய்துபாருங்கள். லினக்ஸில் பவர்டாப் என்ற கருவி யார் எத்தனை முறை எழுப்புகிறார்கள் என்பதை வரிசையாகவே காட்டிவிடும்.