தொழிற்பேட்டை வேலையின் பில் நின்றுபோனால்: ஒப்பந்ததாரர் வழக்குக்குத் தயாராகும் முறை

தொழிற்பேட்டைச் சாலையையும் மழைநீர் வடிகாலையும் முடித்துக் கொடுத்த பிறகும் இறுதி பில் தேங்கி நிற்கிறதென்றால், வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு முன்பே எம்-புக்கின் (வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகம்) நகலை வாங்கிவிட வேண்டும். கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்யலாம். 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும். கூடுதல் வேலை பெரும்பாலும் வாய்ச்சொல்லில்தான் தொடங்கும். "பாறை வந்துவிட்டது, உடைத்து எடுங்கள், ரேட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தளத்தில் சொல்லப்பட்டால், அன்று மாலையே அதைக் கடிதமாக்கி, அலுவலக முத்திரை பெற்ற நகலைக் கோப்பில் வைக்க வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது, "இனிக் கோரிக்கை ஏதுமில்லை" என்ற சான்று. கையெழுத்திட்டால்தான் காசோலை என்ற நிலையில் இட்டவர், பணம் வந்த சில நாட்களுக்குள் அது நிர்பந்தத்தால் இட்டது என்று எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். நிர்பந்தம் நிரூபணமானால் அச்சான்று கோரிக்கைக்குத் தடையாகாது என்பதை 2008-இல் போகாரா பாலிஃபேப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆண்டுகள் கழித்து வெறும் வாயால் சொன்னால் எடுபடாது.

ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து (தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவரிடம் தீர்க்கும் விதி) இருந்தால், 1996-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது எதிர்த்தரப்புக்குக் கிடைத்த நாளில் நடவடிக்கை தொடங்கியதாகக் கொள்ளப்படும். வேலை தந்த நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரே தனி நடுவரை நியமிப்பார் என்றிருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. அத்தகைய ஒருதலை நியமனம் செல்லாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

ஷரத்து இல்லாவிட்டால், 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத கோரிக்கை வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காதவரை, வழக்குக்கு முந்தைய சமரச முயற்சி கட்டாயம். தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைகளை அமைக்கும் சிப்காட், கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனம்; கர்நாடகத்தின் தொழிற்பகுதி வாரியமோ 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. ஆகவே வாரியத்தின் மீது வழக்கிடுவோர் அதன் சட்டத்தில் முன்னறிவிப்பு விதி உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அரசு அமைப்புக்கு எதிராக நேரே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் சீக்கிரம் முடியும் என்பது நம்மவர்களிடையே பலத்த நம்பிக்கை. ஆனால் வேலையின் அளவிலேயே தகராறு இருக்கும் பண வழக்கை உயர் நீதிமன்றம் பெரும்பாலும் சிவில் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பும்.

பணம் தர நாள் குறிக்கப்படாத வேலைக்கு வழக்கிடும் காலக்கெடு, வேலை முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டுகள். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதால் அது நிற்காது. அதற்குள் நிலுவையை ஒப்புக்கொண்டு அலுவலகம் கையெழுத்திட்ட கடிதம் கிடைத்தால், அத்தேதியிலிருந்து புதிதாக எண்ணலாம்.